நீ யார் வீட்டுப் பிள்ளை?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான். இருபது வயது. பன்னிரண்டு வயதில் பளு தூக்கும் பாரைப் பிடித்தவன். எடையைத் தோளிலிருந்து தலைக்குமேல் தள்ளும் ஜெர்க் போடும்போது கால் பிசகி, வலது முட்டியில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகி ஏழு மாதமாகிறது. அவன் கேட்டதை அவன் சொன்னபடியே தருகிறேன்: "மாஸ்டர், சபையில எல்லாரும் என்னைச் சாம்பியன்னுதான் கூப்பிடுவாங்க. இப்ப யாரும் எதுவும் கூப்பிடுறதில்ல. பளு தூக்கலைன்னா நான் யாரு? கிறிஸ்துவுக்குள்ள உன் அடையாளத்தைத் தேடுன்னு வாலிபர் கூட்டத்துல சொல்றாங்க, எனக்கு அது புரியவே மாட்டேங்குது. கர்த்தர் உன்னை இரட்டிப்பா உயர்த்துவார்னு ஆயர் ஜெபிக்கிறார். ஜெபக்குழு ஆண்ட்டி ஒருத்தங்க, விளையாட்டே உலகப்பிரகாரமானது, விட்டுடுன்னு சொல்றாங்க. இதுல எதை நம்புறது?"

தம்பி, நான் இருபத்தாறு வருஷமாக உடற்கல்வி ஆசிரியர். அதற்கு முன்னால் நானும் தூக்கினவன். நீ கேட்டதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்விதான் பெரியது, அதில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

முதலில் அந்த 'அடையாளம்' என்ற சொல்லை ஓரமாக வை. அதைக் கேட்டதும் நமக்கு ஆதார் அட்டைதான் ஞாபகம் வருகிறது. ஏதோ தொலைந்துபோன ஒரு பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது. கால் கட்டோடு கட்டிலில் படுத்துக்கொண்டு எங்கே போய்த் தேடுவாய்? நம் பக்கத்துப் பெரியவர்கள் புது ஆளைப் பார்த்தால் என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பார். "நீ யாரு வூட்டுப் புள்ளடா?" நீ என்ன படித்தாய், என்ன சம்பாதிக்கிறாய் என்பதெல்லாம் இரண்டாவது தம்ளர் தண்ணீருக்குப் பிறகுதான். முதல் கேள்வி, நீ யாரைச் சேர்ந்தவன் என்பது.

அந்தக் கேள்விக்கு ஒரு கொடிய பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சாதியைத் தெரிந்துகொள்ளவும் இப்படித்தான் கேட்டார்கள், இன்னும் கேட்கிறார்கள். வட ஆற்காட்டுக் கிராமங்களில் நம் முன்னோர் பலர் ஒடுக்கப்பட்ட தெருக்களிலிருந்து வந்தவர்கள். "யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்டால் தலை குனிய வைத்திருந்தார்கள் அவர்களை. ஞானஸ்நானத்தில் அவர்களுக்குக் கிடைத்தது அந்தக் கேள்விக்கு வேறொரு பதில். தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்றபோது, ஊர் கொடுத்திருந்த பதிலை யாரோ அழித்து எழுதினார்கள். "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்று ஏசாயா 43-ல் வருகிறதே, அதை நம் பாட்டன் பூட்டன்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்கள் எந்தப் பதக்கமும் வாங்கவில்லை. பலருக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் சுவிசேஷத்தைப் பரப்பியது 1853-ல் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷன். அது அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. அந்தச் சபைக்கு ஒரு பழைய ஞானோபதேச வினாவிடை உண்டு. 1563-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் எழுதப்பட்டது. அதன் முதல் கேள்வியே, வாழ்விலும் சாவிலும் உனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் என்ன என்பதுதான். அதற்குப் பதில் இப்படிப் போகிறது: நான் எனக்கே சொந்தமானவன் அல்ல, உடலோடும் ஆத்துமாவோடும், வாழ்விலும் சாவிலும், என் உண்மையுள்ள இரட்சகர் இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தமானவன். உன் கேள்விக்கு என் பதில் இதுதான். இதில் 'உடலோடும்' என்று இருப்பதைக் கவனித்து வை, பின்னால் அதற்கு வருகிறேன்.

இதைத் தெரிந்துகொள்வது வேறு, இதில் நிற்பது வேறு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

1994. எனக்குப் பத்தொன்பது வயது. வெளியூரில் ஒரு ஜூனியர் போட்டி. உனக்குத் தெரியும், ஒரே இழுப்பில் தலைக்குமேல் தூக்குகிற ஸ்னாட்ச்சில் மூன்று வாய்ப்பும் போனால், இரண்டு கட்டமாகத் தூக்குகிற கிளீன் அண்ட் ஜெர்க்கில் மலையைத் தூக்கினாலும் மொத்தக் கணக்குக் கிடையாது. எனக்கு மூன்றும் போனது. 95 கிலோ. பயிற்சியில் வாரத்துக்கு மூன்று நாள் தூக்கிய எடை. மூன்றாவது தடவை பார் என் பின்னால் விழுந்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதற்கு முந்தின ஞாயிறுதான் சபையில் என்னை முன்னால் நிற்க வைத்துக் கைவைத்து ஜெபித்து அனுப்பியிருந்தார்கள். எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

விடியற்காலை மூன்றரைக்குக் காட்பாடியில் இறங்கினேன். அப்பா சைக்கிளோடு வெளியே நின்றிருந்தார். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை வேலை அவருக்கு, அன்றைக்குக் காலை ஷிப்ட் வேறு. ஸ்டேஷன் வாசலில் டீ குடித்தோம். டீ போடுகிறவர், "யாரு இது?" என்று கேட்டார். வழக்கமாக அப்பா யார் கேட்டாலும், "ஸ்டேட் லெவல்ல தூக்குறான்" என்று ஆரம்பிப்பார். அன்றைக்கு "நம்ம பையன்" என்றார். அவ்வளவுதான். இன்னொரு டீ சொன்னார்.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. என்னைப்பற்றிச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பல மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை, கோவிலுக்கும் ஒழுங்காகப் போகவில்லை. அவர் அந்த டீக்கடையில் என்ன சொன்னார் என்பது எனக்குப் புரிய ஏழெட்டு வருஷம் ஆனது. ஒரு லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின தவ நாட்களில், மத்தேயு மூன்றாம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் எடுத்துக் கரையேறுகிறார். "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் வருகிறது. அதுவரை அவர் செய்தது என்ன? மத்தேயுவில் அதற்கு முன்னால் ஒரு அற்புதம் கிடையாது, ஒரு பிரசங்கம் கிடையாது, ஒரு குஷ்டரோகி சுகமாகவில்லை. நாசரேத்தூரில் தச்சுவேலை. பிதா சொன்ன பிரியம் எந்த வேலைக்கும் கூலி இல்லை. எனக்கு உடனே அந்த டீக்கடைதான் ஞாபகம் வந்தது.

அடுத்த அதிகாரத்தைப் புரட்டினால் வனாந்தரம். சோதனைக்காரன் கேட்கிற முதல் கேள்வி: "நீர் தேவனுடைய குமாரனேயானால், இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும்." குமாரன் என்று சொன்னால் போதாது, செய்து காட்டு என்கிறான். தம்பி, உனக்குள் இப்போது ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்கிற குரல் இதுதான் என்று நினைக்கிறேன். தூக்கிக் காட்டினால்தான் நீ மகன் என்கிற குரல். இயேசு அந்தக் கல்லைத் தொடவேயில்லை. யோர்தானில் கேட்டது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இதை நான் பதக்கத்தை இளப்பமாக நினைத்துச் சொல்வதாக எண்ணாதே. நம் சத்துவாச்சாரிக்குப் பளு தூக்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நம் ஊர்ப் பையன் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியபோது நம் தெருக்களில் எத்தனை வீட்டில் பையன்களை ஜிம்முக்கு அனுப்பினார்கள்! 2018-ல் கோல்டு கோஸ்ட்டில் தொடைக் காயத்தோடு போய் 317 கிலோ தூக்கி மறுபடி தங்கம். அவருடைய உழைப்புக்கு நான் எழுந்து நிற்பேன். ஆனால் ஒன்றைப் பார். அவர் இரண்டு முறையும் ஜெயித்தது 77 கிலோ பிரிவு. அதே 2018 கடைசியில் சர்வதேச சம்மேளனம் எடைப்பிரிவுகளை மாற்றியமைத்தது. 77 என்ற பிரிவே இல்லாமல் போனது. 73 வந்தது, 81 வந்தது. 2025-ல் மறுபடியும் மாற்றினார்கள். ஜெயித்தவர் ஜெயித்தவர்தான், அதை யாரும் அழிக்க முடியாது. ஆனால் அந்தப் பிரிவை மட்டும் வைத்து ஒருவன் 'நான் யார்' என்று எழுதி வைத்திருந்தால், எங்கோ ஒரு கூட்டத்தில் நாலு பேர் உட்கார்ந்து அதை மாற்றிவிடலாம்.

பவுல் அப்போஸ்தலருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். கொரிந்துவில் ஒன்றரை வருஷம் தங்கியிருந்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடக்கும். ஜெயித்தவனுக்கு இலைக் கிரீடம். பைன் மரத்து இலை. ஒரு காலத்தில் காய்ந்த செலரித் தழை. கையில் கொடுக்கும்போதே வாடிப்போனது! "அவர்கள் அழிவுள்ள கிரீடத்தைப் பெறும்படிக்கு அப்படிச் செய்கிறார்கள்" என்று அவர் கொரிந்தியருக்கு எழுதியதை, அந்தத் தழையைப் பார்த்த ஜனங்கள் வாசித்தார்கள். அதே இடத்தில் அவர் ஓட்டக்காரர்களின் இச்சையடக்கத்தை மெச்சவும் செய்கிறார். ஓடுகிறவர்களைப் பரிகாசம் பண்ணவில்லை.

நம் சபைகள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பதக்கம் வாங்கினால் பொன்னாடை, பத்தாம் வகுப்பில் மார்க்கு வாங்கினால் மேடை. தோற்றுப்போன பிள்ளையைப் பெயர் சொல்லி ஜெபித்த ஞாயிறு எது? உன்னைச் சாம்பியன் என்று கூப்பிட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாசத்தில்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ஞானஸ்நானத்தில் உனக்கு ஒரு பெயர் வைத்து, அந்தச் சபையேதான் "நாங்கள் இவனைத் தாங்குவோம்" என்று ஒப்புக்கொண்டது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதது உன் குறை இல்லை.

இனி இரண்டாவது கேள்வி, இரட்டிப்பாக உயர்த்துவார் என்பது. உன் ஆயர் அன்பாகத்தான் ஜெபிக்கிறார். உன் முட்டி குணமாக நானும் ஜெபிக்கிறேன். ஆனால் "மறுபடி பதக்கம் வரும், ஆகவே கலங்காதே" என்பதை உன் விசுவாசத்தின் அஸ்திவாரமாக வைக்காதே. அப்படி வைத்தால் ஆராதிக்கப்படுவது பதக்கமாகவும், கர்த்தர் அதைக் கொண்டுவருகிறவராகவும் ஆகிவிடுவார். முட்டி பழையபடி ஆகாவிட்டால் அவரையும் இழந்துவிடுவாய்.

ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடலின் கதையைச் சபையில் கேட்டிருப்பாய். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓடமாட்டேன் என்றார், 400 மீட்டரில் 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். பெரும்பாலும் அந்தப் பிரசங்கம் அங்கேயே முடிந்துவிடும், அவர் கர்த்தரைக் கனம்பண்ணினார், கர்த்தர் அவருக்குத் தங்கம் கொடுத்தார் என்று. எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அடுத்த வருஷமே, 1925-ல், ஓட்டத்தின் உச்சத்தில் இருந்தபோது, தான் பிறந்த சீனாவுக்கே மிஷனரியாகப் போய்விட்டார். தியன்ஜினில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார். யுத்தம் வந்தது. 1943-ல் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் கனடாவில். முகாமில் இருந்த பிள்ளைகளுக்கு அவர் பாடம் நடத்தினார், விளையாட்டு நடத்தினார். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தாங்களாகவே ஆடப்போய்ச் சண்டை போட்டுக்கொண்டபோது, ஞாயிற்றுக்கிழமைக்காக 100 மீட்டரையே விட்ட அந்த மனுஷன் விசிலை எடுத்துக்கொண்டு நடுவராக வந்து நின்றார். 1945 பிப்ரவரி 21-ல், விடுதலைக்கு ஆறு மாதம் முன்னால், மூளைக்கட்டியால் அங்கேயே இறந்தார். வயது 43. 'இரட்டிப்பாக உயர்த்தப்பட்டார்' என்று இதை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்? ஆனால் அந்த முகாமில் அவரைச் சுற்றி ஓடிய பிள்ளைகளைக் கேட்டால் அவர் யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. ஓட்டமும் அவரைவிட்டுப் போகவில்லை. பிள்ளைகளுக்கானதாக மாறியிருந்தது.

மூன்றாவது, விளையாட்டே உலகப்பிரகாரம் என்பது. இங்கேதான் அந்த 'உடலோடும்' வருகிறது. என் உடலும் கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்றால், அதைப் பழக்குவதும் பேணுவதும் அவருடைய பொருளைப் பேணுவது. "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தைத்தான் ஆண்ட்டி காட்டுவார்கள். அற்பம் என்றாலும் பிரயோஜனம் என்றுதானே இருக்கிறது, பாவம் என்று இல்லையே. 147-ஆம் சங்கீதத்தில் இன்னும் கூர்மையாக இருக்கிறது: "வீரனுடைய கால்களில் பிரியப்படார்." முட்டி போன பையனுக்கு அந்த வசனத்தை நான் பயத்தோடுதான் காட்டுகிறேன். ஆனால் இரண்டாவது தடவை வாசித்துப் பார், அதில் ஒரு இளைப்பாறுதல் இருக்கிறது. வலுவான காலைப் பார்த்து அவர் உன்னிடம் வரவில்லை என்றால், கால் வலுவிழந்ததைப் பார்த்துப் போகவும் மாட்டார்.

நம் ஊரிலேயே இதை வாழ்ந்து காட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சி.எம்.சி.யில், மருத்துவர். 1954-ல் நண்பர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளாகி, முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும் என்று இருந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1963-ல் சி.எம்.சி.யில் அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றார். பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. அவர் பழையபடி எழுந்து நடக்கவேயில்லை. இன்றைக்கும் பாகாயம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் எனக்குப் போக முடியாது.

ஒரு எச்சரிக்கை. எனக்கே நேர்ந்ததால் சொல்கிறேன். தூக்குவதை விட்டதும் நான் ஊழியத்தைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை கூட்டம் நடத்தினேன், எத்தனை அதிகாரம் வாசித்தேன், எத்தனை மணிக்கு எழுந்து ஜெபித்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன், முன்னால் கிலோவை எழுதியதுபோல. தவறிய நாளில் மூன்று ஸ்னாட்ச் போன அதே உணர்ச்சி. அது விசுவாசம் இல்லை, பழைய பலகையில் புதுக் கணக்கு. நீ ஜெபிக்க முடியாத நாட்களிலும் யாரோ வீட்டுப் பிள்ளைதான்.

இதை வாசித்ததும் வலி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. எட்டு வருஷ உழைப்பு, அதற்கு அழத்தான் வேண்டும். ராத்திரித் தூக்கம் இல்லாமல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்று ஒரு தடவை தோன்றினாலோ, யாரிடமும் மறைக்காமல் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டு மனநல மருத்துவரைப் பார். பாகாயத்திலேயே சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. முட்டிக்கு டாக்டரிடம் போவது அவிசுவாசம் இல்லை என்றால் இதற்குப் போவதும் இல்லை. பிசியோதெரபியை ஒரு நாள்கூட விடாதே. பட்டப்படிப்பில் நிற்கிற பேப்பரை எழுது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை என்பதையே நம்பி வீட்டில் எல்லாரும் இருந்திருப்பார்கள், அது எனக்குத் தெரியும். அப்பாவோடு உட்கார்ந்து அதைத் திறந்து பேசிவிடு. உடற்கல்வி ஆசிரியராக பி.பி.எட். படிப்பு இருக்கிறது, பட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு இருக்கிறது. அவசரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போ. கடைசிப் பெஞ்சு வேண்டாம், முட்டியை நீட்டி வைக்க இடம் இருக்கிற ஓரத்து இருக்கையில் உட்கார். திருவிருந்துக்கு முன்னால் போகும்போது கவனி, அந்த வரிசையில் நிற்கிற எல்லார் கையும் வெறும் கைதான்.

வீட்டு ஷோகேஸில் இருக்கிற கோப்பைகளை எடுத்துப் பரண்மேல் போட்டுவிடலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தாய். வேண்டாம். அம்மா துடைத்து வைத்தது, அங்கேயே இருக்கட்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் பள்ளிக்கூடத்து ஷெட்டுக்கு வா. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். பார் இன்னும் கொடுக்கவில்லை, மூங்கில் கழியை வைத்துத்தான் ஸ்னாட்ச் பிடி பழக்குகிறேன். ஒரு பையன் முழங்கையைச் சீக்கிரம் மடக்குகிறான், எவ்வளவு சொன்னாலும் திருந்தவில்லை, ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை, நீ பார்த்தால் தெரியும். உட்கார்ந்தே சொல்லிக்கொடுக்கலாம். நாற்காலி போட்டு வைக்கிறேன்.